ஆபரேஷனுக்குப் பிறகும் நழுவும் முட்டி!

கிழிந்த லிகமென்ட்டுக்குப் பதிலாக வைத்த நார் ஏன் மறுபடி அறுந்துபோகிறது?

பாரிஸ், 2024 ஆகஸ்ட் 4. ஒலிம்பிக் பேட்மின்டன், பெண்கள் ஒற்றையர் அரையிறுதி. ஸ்பெயினின் கரோலினா மரின் சீனாவின் ஹே பிங்ஜியாவோவிடமிருந்து முதல் செட்டை 21-14 எனப் பறித்துவிட்டார். இரண்டாவது செட்டிலும் அவர்தான் முன்னிலை. இறுதிப் போட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பின்கோட்டில் ஷட்டிலைத் திருப்பி அடித்துவிட்டு வலது காலை ஊன்றினார். அவ்வளவுதான், முட்டியைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். முட்டிக்கு உறை மாட்டிக்கொண்டு எழுந்து வந்து இன்னும் இரண்டு பாயின்ட் ஆடிப் பார்த்தார். கால் நிற்கவில்லை. கோர்ட்டிலேயே மண்டியிட்டு அழுதார்.

மரினை நமக்கு நன்றாகத் தெரியும். 2016 ரியோ இறுதிப் போட்டியில் பி.வி.சிந்துவிடமிருந்து தங்கத்தைத் தட்டிச் சென்றவர். மூன்று முறை உலக சாம்பியன். 2019 ஜனவரியில் ஜகார்த்தாவில் சாய்னா நேவாலுக்கு எதிரான இறுதிப் போட்டியில், முன்னிலையில் இருந்தபோதே அவருடைய வலது முட்டியின் முன் குறுக்கு லிகமென்ட் கிழிந்தது. ஆபரேஷன் செய்துகொண்டு, அதே ஆண்டு செப்டம்பரில் திரும்பி வந்து சைனா ஓப்பன் பட்டத்தையும் வென்றார். 2021-ல் இடது முட்டியில் அதே லிகமென்ட் கிழிந்தது. டோக்கியோ ஒலிம்பிக் போனது. பாரிஸில் மறுபடியும் வலது முட்டி. ஐந்தரை ஆண்டுகள் முன்பு சரிசெய்த அதே இடம்.

எப்போதும் கூடவே ஃபிசியோ இருக்கும் ஓர் உலக சாம்பியனுக்கே இப்படி என்றால், ஊர்த் திடலில் கபடி ஆடி முட்டியைத் திருப்பிக்கொண்ட கல்லூரி மாணவருக்கும், மழை ரோட்டில் வண்டி சறுக்கியபோது காலை ஊன்றியவருக்கும் என்ன உத்தரவாதம்? “ஆபரேஷன் செஞ்சாச்சு, ஆனாலும் முட்டி நழுவுது” என்று எலும்பு டாக்டரின் அறைக்குள் வருபவர்களின் பிரச்னை என்ன?

மூன்று சென்டிமீட்டர் நார்

தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் சந்திக்கும் இடத்தின் நடுவில், எக்ஸ் வடிவில் இரண்டு நார்கள் குறுக்கே போகின்றன. முன்னால் இருப்பதுதான் டாக்டர்கள் ஏ.சி.எல். என்று சுருக்கிச் சொல்லும் முன் குறுக்கு லிகமென்ட். நம் ஆட்கள் பேச்சில் இது ‘ஜவ்வு’. நீளம் சுமார் மூன்று சென்டிமீட்டர், அகலம் ஒரு சென்டிமீட்டர் அளவு. கீழ்க்கால் எலும்பு முன்பக்கம் நழுவிப் போகாமல் பிடித்திருப்பதும், கால் ஊன்றியபடி உடல் திரும்பும்போது முட்டி சுழன்றுவிடாமல் தடுப்பதும் இதன் வேலை.

இந்த நார் பெரும்பாலும் யாரும் மோதிக் கிழிவதில்லை. ஓடிக்கொண்டே சட்டெனத் திரும்பும்போதும், குதித்து இறங்கும்போதும், முட்டி உள்பக்கம் சாய்ந்து முறுக்கிக்கொள்ளும் அந்த நொடியில்தான் போகிறது. ‘டப்’ என்று ஒரு சத்தம் கேட்டதாகப் பலர் சொல்வார்கள். சில மணி நேரத்தில் முட்டி பந்துபோல் வீங்கும்.

நம் ஊரில் அடுத்து நடப்பது தெரிந்ததுதான். எண்ணெய் தடவி நீவிவிடுவார்கள், கட்டு போடுவார்கள். மூன்று வாரத்தில் வீக்கம் வடிகிறது. நடக்கவும் முடிகிறது. “சுளுக்குதான், சரியாப்போச்சு” என்று திடலுக்குத் திரும்புகிறார். ஒருநாள் ஓடும்போது யாரோ கூப்பிட, திரும்புகிறார். தொடைக்கும் காலுக்கும் சம்பந்தமே இல்லாததுபோல் முட்டி விட்டுக்கொடுக்கிறது. பஸ்ஸிலிருந்து இறங்கும்போதும், பைக்கை சென்டர் ஸ்டாண்ட் போடும்போதும் அதே கதை. இப்படி ஒவ்வொரு முறை நழுவும்போதும் உள்ளே மெத்தைபோல் இருக்கும் மெனிஸ்கஸும் எலும்பின் மேல் உள்ள குருத்தெலும்பும் அரைபடுகின்றன.

கிழிந்த ஏ.சி.எல். பொதுவாகத் தானாக உருப்படியாய் ஒட்டுவதில்லை. கைவிரலில் வெட்டுப்பட்டால் ரத்தம் உறைந்து, அந்த உறைவின் மேல் புதுத் திசு வளர்கிறது. மூட்டுக்குள்ளோ எப்போதும் திரவம் இருக்கிறது. அது உறைவைக் கரைத்துவிடுகிறது. பழைய நாரைத் தைப்பதைவிட, வேறு ஒரு நாரை எடுத்து அதே இடத்தில் வைப்பதே இன்று பெரும்பாலும் நடக்கும் ஆபரேஷன்.

எல்லோருக்கும் இது தேவை என்றும் இல்லை. ஸ்வீடனில் 121 இளைஞர்களை வைத்து நடந்த ஆய்வு 2010-ல் வெளியானது. ஒரு பிரிவுக்கு உடனே ஆபரேஷன். மறு பிரிவுக்கு முதலில் உடற்பயிற்சி, முட்டி நழுவினால் மட்டும் பிறகு ஆபரேஷன். ஐந்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, இரண்டாவது பிரிவில் ஏறத்தாழ பாதிப் பேர் ஆபரேஷன் இல்லாமலேயே காலம் தள்ளியிருந்தார்கள். திரும்புவதும் குதிப்பதும் இல்லாத வாழ்க்கை என்றால் தசைப் பயிற்சியே போதுமாக இருக்கலாம். கபடி, ஃபுட்பால், பேட்மின்டன் ஆட வேண்டும் என்றாலோ, அன்றாட நடையிலேயே முட்டி நழுவுகிறது என்றாலோ, புது நார்தான் வழி.

மேஜையின் இன்னொரு முனையில்

அந்தப் புது நாருக்குப் பெயர் கிராஃப்ட், தமிழில் ஒட்டு. பெரும்பாலும் நோயாளியின் உடம்பிலிருந்தே எடுக்கிறார்கள். பின்தொடைத் தசைநார், முட்டிச் சிப்பிக்குக் கீழே உள்ள நார், மேலே உள்ள முன்தொடைத் தசைநார், கணுக்கால் ஓரமாக ஓடும் நார் என்று நான்கு இடங்கள் உண்டு.

பின்தொடைத் தசைநாரை எடுப்பதைப் பார்ப்போம். முட்டிக்குச் சற்றுக் கீழே, உள்பக்கமாக இரண்டு மூன்று சென்டிமீட்டர் வெட்டு. அதற்குள்ளிருந்து வெள்ளை நாடா போன்ற நாரின் முனையைப் பிடித்து, வளையம் பொருத்திய நீண்ட கம்பியைத் தொடைக்குள் மேல்நோக்கித் தள்ளினால், நார் முழு நீளத்துக்கும் உருவிக்கொண்டு வருகிறது. டாக்டர் கேமராவை விட்டு முட்டிக்குள் பார்த்துக்கொண்டிருக்க, மேஜையின் இன்னொரு முனையில் உதவி டாக்டர் அந்த நாரில் ஒட்டியிருக்கும் சிவப்புத் தசையை வழித்து எடுக்கிறார். நான்காக மடிக்கிறார், முனைகளைத் தைக்கிறார், ஒரு பலகையில் பூட்டி இழுத்து வைக்கிறார். கிருமி தாக்காமலிருக்க வான்கோமைசின் மருந்தில் நனைத்த துணியால் சுற்றுவதும் இப்போது பல இடங்களில் வழக்கம்.

பிறகு, துளைகள் போட்ட ஓர் அளவுகோலில் அதை நுழைத்துப் பார்க்கிறார்கள். எட்டு மில்லிமீட்டர் துளையில் இறுக்கமாகப் போக வேண்டும். அதைவிட மெல்லியதாக இருந்தால், குறிப்பாக இளம் வயதினருக்கு, பின்னால் அறுந்துபோகும் வாய்ப்பு கூடுகிறது. ஒல்லியான, உயரம் குறைந்தவர்களுக்கு நாரே மெல்லியதாக இருக்கும். அப்போது ஐந்தாக மடிப்பார்கள், அல்லது வேறு இடத்து நாரைத் தேடுவார்கள்.

இந்த இடத்துக்கு வந்து சேர மருத்துவம் நூறு ஆண்டுகளுக்கு மேல் நடந்திருக்கிறது. 1895-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் மேயோ ராப்சன் என்ற சர்ஜன், ஒரு சுரங்கத் தொழிலாளியின் கிழிந்த நார்களைத் தைத்துப் பார்த்தார். 1917-ல் ஹே க்ரோவ்ஸ், தொடையின் வெளிப்பக்கத் திசுவை எடுத்துப் புது நாராக வைத்தார். 1980-களில் கார்பன் இழை, டேக்ரான், கோர்-டெக்ஸ் என்று செயற்கை நார்கள் வந்தன. ‘மறுநாளே நடக்கலாம்’ என்ற ஆசையோடு வைத்த அந்த இழைகளில் பல, நாள்பட நைந்து மூட்டுக்குள் துகளாக உதிர்ந்து வீக்கத்தைக் கொண்டுவந்தன. உயிருள்ள நாரிடமே மருத்துவர்கள் திரும்பினார்கள். உயிருள்ள நாருக்கோ அவசரம் பிடிக்காது.

ஒட்டுக்கன்றை ஆட்டக் கூடாது

ஒட்டு மாங்கன்று கட்டியவர்களுக்கு இது எளிதில் புரியும். கிளையைக் கட்டியதும் இலை பச்சையாகத்தான் தெரியும். உள்ளே இரண்டு மரத்துச் சாறும் இன்னும் கலந்திருக்காது. அப்போது பிடித்து ஆட்டினால் கட்டு விட்டுப்போகும்.

முட்டிக்குள்ளும் அதுதான். உருவி எடுத்த நாருக்கு ரத்த ஓட்டம் அறுந்துவிடுகிறது. வைத்த புதிதில் அதன் உயிரணுக்கள் பெரும்பாலும் மடிந்துபோகின்றன. பிறகு மூட்டின் சவ்விலிருந்து புது ரத்தக் குழாய்கள் அதற்குள் ஊர்ந்து வருகின்றன. புது அணுக்கள் குடியேறுகின்றன. பழைய இழைகள் கரைந்து புது இழைகள் உருவாகின்றன. வீட்டைக் காலி செய்யாமலே சுவரை இடித்துக் கட்டுவதுபோல. இடிப்பு வேகமாகவும் கட்டுமானம் மெதுவாகவும் நடக்கும் ஆறாவது வாரத்திலிருந்து மூன்றாவது மாதம் வரையிலான காலத்தில்தான் நார் மிகவும் பலவீனமாக இருக்கிறது. முழுமையான லிகமென்ட்டாக மாற ஓராண்டு, சிலருக்கு இரண்டு ஆண்டுகள்கூட ஆகும்.

விபரீதம் என்னவென்றால், நார் பலவீனமாக இருக்கும் அந்த மூன்றாவது மாதத்தில்தான் வலி போகிறது. வீக்கம் வடிந்து, நடை சீராகி, நோயாளிக்குத் தெம்பு வருகிறது. “வலியே இல்லையே, எதுக்கு ஃபிசியோ?” என்று நிறுத்துவதும் அப்போதுதான். ஃபிசியோவுக்குப் போக பஸ் செலவு, அரை நாள் சம்பளம், லீவு என்று கணக்குப் பார்க்க வேண்டிய வீடுகளில் இந்த முடிவு இன்னும் சீக்கிரம் வருகிறது.

எதனால் தோற்கிறது?

முதல் காரணம் துளை. தொடை எலும்பிலும் கீழ்க்கால் எலும்பிலும் துளை போட்டு, அதற்குள் நாரைச் செருகி, ஸ்க்ரூவாலோ சிறு உலோகப் பொத்தானாலோ பூட்டுகிறார்கள். இந்தத் துளை சில மில்லிமீட்டர் தள்ளிப்போனாலும் விஷயம் மாறிவிடும். தொடை எலும்பில் துளை முன்னால் போய்விட்டால், முட்டியை மடக்கும்போதெல்லாம் நார் விறைத்து, நாள்பட நீண்டு தொளதொளத்துவிடும். நார் செங்குத்தாக அமைந்துவிட்டால் இன்னொரு சிக்கல். பந்தல் கால் பக்கவாட்டில் சாயாமலிருக்கக் கயிற்றைச் சரிவாக இழுத்துக் கட்டுவோம்; நேராக மேலிருந்து கீழே கட்டினால் பயன் இல்லை. செங்குத்து நாரும் அப்படித்தான். நேரே நடந்தால் பிரச்னை தெரியாது. திரும்பினால் முட்டி நழுவும்.

இரண்டாவது காரணம், கவனிக்காமல் விட்ட கூட்டாளிகள். ஏ.சி.எல். தனியாகக் கிழிவது குறைவு. மெனிஸ்கஸின் பின்பக்க வேர் பிய்ந்திருக்கலாம். முட்டியின் வெளிமூலையில் உள்ள நார்கள் கிழிந்திருக்கலாம். அவற்றைச் சரிசெய்யாமல் புது நாரை மட்டும் வைத்தால், நான்கு பேர் தூக்க வேண்டிய சுமையை ஒருவர் தலையில் ஏற்றியதாகிவிடும். சிலருக்குக் கீழ்க்கால் எலும்பின் மேல்தளமே பின்பக்கம் அதிகமாகச் சரிந்திருக்கும். சரிவு 12 டிகிரியைத் தாண்டினால், ஒவ்வோர் அடியிலும் தொடை எலும்பு பின்னால் வழுக்க, கீழ்க்கால் எலும்பு முன்னால் தள்ளப்படும். அந்த இழுப்பு முழுவதும் கிராஃப்ட்டின் மேல்தான்.

முட்டியின் வெளிப்பக்கத்தில் இருக்கும் ஒரு சிறு நாரைப் பற்றிய கதை சுவாரஸ்யமானது. 1879-லேயே பிரான்ஸின் பால் செகோன் அதைப் பற்றி எழுதிவிட்டார். பிறகு அது பேசப்படவில்லை. 2013-ல் பெல்ஜியத்து டாக்டர்கள் அதை விரிவாக விவரித்தபோது, ‘முட்டிக்குள் புது லிகமென்ட் கண்டுபிடிப்பு’ என்று பத்திரிகைகள் எழுதின. வெளிப்பக்கத்தில் ஒரு பட்டைத் திசுவை இழுத்துத் தைத்து முட்டியின் சுழற்சியைக் கட்டுப்படுத்தும் முறையையும் லெமேர் என்ற பிரெஞ்சு சர்ஜன் 1967-லேயே சொல்லியிருந்தார். 25 வயதுக்கு உட்பட்ட 618 பேரிடம் அதைச் சோதித்த ஆய்வு 2020-ல் வெளியானது. பின்தொடை நார் மட்டும் வைத்தவர்களில் 11 சதவிகிதம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் கிராஃப்ட் அறுந்தது. வெளிப்பக்கத் தையலும் சேர்த்துப் போட்டவர்களில் 4 சதவிகிதம் பேருக்கே அறுந்தது. ஆபத்து அதிகமுள்ள இளம் ஆட்டக்காரர்களுக்கு இப்போது பல டாக்டர்கள் இதையும் சேர்த்தே செய்கிறார்கள்.

மூன்றாவது காரணம், புது அடி. எல்லாம் சரியாகச் செய்தும், மரினுக்கு நேர்ந்ததுபோல் ஆண்டுகள் கழித்தும் நார் அறுந்துபோகலாம். பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2016-ஆம் ஆண்டுக் கணக்கின்படி, ஆபரேஷன் முடிந்து ஆட்டத்துக்குத் திரும்பிய 25 வயதுக்கு உட்பட்டவர்களில் 23 சதவிகிதம் பேருக்கு இரண்டாவது முறை ஏ.சி.எல். கிழிந்திருந்தது. அதே முட்டியில் என்று மட்டும் இல்லை, மறு முட்டியிலும்தான். அடிபட்ட காலைக் காப்பாற்ற, உடல் தன்னையறியாமல் நல்ல காலின் மேல் சுமையைத் தள்ளுகிறது. ஒரே மாதிரி ஆட்டத்தில் பெண்களுக்கு இந்தக் காயம் ஆண்களைவிட அதிகம் ஏற்படுகிறது என்பதும் உறுதியாகியிருக்கிறது.

நழுவுகிறதா, நழுவுவதுபோல் இருக்கிறதா?

ஆபரேஷனுக்குப் பிறகு முட்டி ஆடினாலே கிராஃப்ட் அறுந்துவிட்டது என்று பதற வேண்டாம். முன்தொடைத் தசை வற்றிப்போனாலும் முட்டி திடீரென மடங்கும். நாருக்கு முன்னால் தழும்புத் திசு உருண்டையாக வளர்ந்து, காலை முழுதாக நீட்ட விடாமல் தடுப்பதும் உண்டு. இவை வேறு, அறுந்துபோவது வேறு. திரும்பும்போது மட்டும் முட்டி தடம் புரள்வதும், அதைத் தொடர்ந்து ஒவ்வொரு முறையும் வீங்குவதும் கவனிக்க வேண்டிய அறிகுறிகள்.

ஸ்கேனுக்கு முன்னால் டாக்டரின் கைதான் முதல் சோதனை. நோயாளியை மல்லாக்கப் படுக்கவைத்து, முட்டியைச் சற்றே மடக்கி, ஒரு கையால் தொடையைப் பிடித்து மறு கையால் கீழ்க்காலை முன்பக்கம் இழுப்பார். நல்ல நார் என்றால் ‘டக்’கென ஓரிடத்தில் நிற்கும், அறுந்திருந்தால் இழுத்த இழுப்புக்கு வரும். இதற்கு லாக்மன் சோதனை என்று பெயர். காலை உள்பக்கம் திருப்பியபடி மடக்கிப் பார்க்கும் இன்னொரு சோதனை, சுழற்சியில் நழுவுகிறதா என்று காட்டிக்கொடுக்கும். எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் நார் முழுதாகத் தெரிந்தும், நீண்டு தொளதொளத்துப் பயனற்றுக் கிடக்கலாம். துளைகள் எங்கே இருக்கின்றன, எவ்வளவு விரிந்திருக்கின்றன என்று சி.டி. ஸ்கேன் சொல்லும்.

ஒன்பது மாதக் கணக்கு

மறுபடி கிழிவதைத் தடுப்பதில் நோயாளியின் கையில் இருக்கும் பெரிய ஆயுதம் காலம்தான். 106 பேரைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2016-ல் வெளியானது. ஆட்டத்துக்குத் திரும்புவதை ஒன்பதாவது மாதம் வரை தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும், மறுபடி காயம்படும் வாய்ப்பு ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. காலண்டர் மட்டும் போதாது. முன்தொடைத் தசையின் வலு, ஒற்றைக்காலில் தாவும் தூரம் எல்லாம் நல்ல காலோடு ஒப்பிட்டால் 90 சதவிகிதத்தையாவது எட்ட வேண்டும். இந்தச் சோதனைகளில் தேறாமல் திடலுக்குப் போனவர்களில் 38 சதவிகிதம் பேருக்கு மறுபடி முட்டியில் அடிபட்டது. தேறியவர்களில் 6 சதவிகிதத்துக்கும் குறைவு.

கிரிக்கெட் வீரர் ரிஷப் பந்தை நினைத்துப்பாருங்கள். 2022 டிசம்பர் 30 அன்று கார் விபத்து. வலது முட்டியே இடம் பெயர்ந்து லிகமென்ட்கள் கிழிந்தன. 2023 ஜனவரியில் மும்பையில் ஆபரேஷன். அந்த ஆண்டு ஐ.பி.எல். போனது, சொந்த மண்ணில் நடந்த உலகக் கோப்பையும் போனது. அவர் மறுபடி மட்டை பிடித்தது 2024 மார்ச்சில். கிரிக்கெட் வாரியமே பின்னால் நின்றும் ஏறத்தாழ 15 மாதங்கள் காத்திருந்தார். மாவட்டப் போட்டி வருகிறது என்பதற்காக ஐந்தாவது மாதத்தில் கபடிக் களத்தில் இறங்கும் பையனுக்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம்.

இரண்டாவது முறை

அறுந்துவிட்டால் மறு ஆபரேஷன் உண்டு. ஆனால் முதல் முறையைவிடக் கடினம். நல்ல நாரை ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது. மறு காலிலிருந்தோ வேறு இடத்திலிருந்தோ தேட வேண்டும். பழைய துளைகள் விரிந்திருந்தால் முதலில் எலும்புத் துகளை நிரப்பி மூடி, நான்கைந்து மாதம் காத்திருந்து, அதன்பிறகுதான் புது நார். எலும்புச் சரிவு அதிகம் என்றால், ஆப்பு வடிவில் எலும்பை வெட்டிச் சரிவைக் குறைப்பார்கள். இவ்வளவுக்குப் பிறகும் மறு ஆபரேஷனின் பலன் முதலாவதைவிடக் குறைவாகத்தான் இருக்கிறது. முதல் ஆபரேஷன் ஏன் தோற்றது என்ற கேள்விக்கு விடை தெரியாமல் இரண்டாவதுக்குக் கையெழுத்துப் போடக் கூடாது.

டாக்டரிடம் கேளுங்கள்

• எனக்கு ஆபரேஷன் தேவையா, பயிற்சியில் சமாளிக்க முடியுமா?

• எந்த இடத்து நாரை எடுக்கிறீர்கள்? எனக்கு ஏன் அது?

• மெனிஸ்கஸும் மற்ற லிகமென்ட்களும் எப்படி இருக்கின்றன? அவற்றையும் சேர்த்துச் சரிசெய்வீர்களா?

• சம்மணம் போடுவது, இந்தியன் டாய்லெட்டில் குந்துவது, பைக் ஓட்டுவது எல்லாம் எப்போது?

• ஒன்பதாவது மாதத்தில் என் காலின் வலுவை எங்கே, யார் அளந்து பார்ப்பார்கள்?

ஏ.சி.எல். கிழிந்த முட்டிகளில் ஏறத்தாழ பாதி, பத்து முதல் இருபது ஆண்டுகளில் தேய்மானத்துக்குப் போகின்றன. 20 வயதில் முட்டியைத் திருப்பிக்கொண்டவர் 40 வயதில் மாடிப்படி ஏறச் சிரமப்படுகிறார். ஆபரேஷன் செலவுக்காகக் கடன் வாங்கும் வீடுகள், அதற்குப் பிந்தைய ஒன்பது மாதப் பயிற்சிக்கான பணத்தையும் லீவையும் முதல் நாளே கணக்கில் சேர்த்துவிட வேண்டும். ஆபரேஷன் தியேட்டரில் ஆகும் வேலை இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். மிச்ச வேலை முழுவதும் நோயாளியுடையது. மூன்றாவது மாதம் வலி நின்றதும் ஃபிசியோவை நிறுத்தலாமா என்று யோசிக்கிறீர்களா? நிறுத்தாதீர்கள்.